படுதா ஜீப்புக்குக் கேரியர்: கால் எங்கே ஊன்றுகிறது என்று பாருங்கள்

படுதா போட்ட வண்டியில் கூரை என்று இருப்பது இரண்டு மூன்று வளைகம்பியும் அதன் மேல் இழுத்துக் கட்டிய துணியும்தான். அது மழையைத் தாங்கும், வெயிலைத் தாங்கும், ஒரு கிலோ சுமையைக்கூடத் தாங்காது. ஆகவே கேரியர் கேட்டுப் பட்டறைக்குப் போகிறவர்கள் "எத்தனை மூட்டை ஏத்தலாம்" என்று ஆரம்பிப்பதற்கு முன், அந்த மூட்டையின் எடை எந்தப் போல்ட் வழியாக வண்டிக்குள் இறங்குகிறது என்று கேட்க வேண்டும். குமுளி, போடிமெட்டு, சூரியநெல்லி, மறையூர் பக்கம் ஓடும் தார், ஜிப்ஸி, பழைய மேஜர் எல்லாவற்றுக்கும் இது பொது. வழிகள் நான்கு: வெளியே நிற்கும் கூண்டு, துணியைத் துளைத்து ரோல் கேஜில் (வண்டி உருண்டால் ஆளைக் காக்க உள்ளே நிற்கும் இரும்புச் சட்டம்) பிடிக்கும் கேரியர், படுதாவை எடுத்துவிட்டு ஹார்ட் டாப் என்ற கெட்டிக் கூரை, மேலே எதுவுமே வைக்காமல் சமாளிப்பது.

அதற்கு முன் ஒரு கணக்கு. 1,750 கிலோ வண்டி, அதன் எடை மையம் தரையிலிருந்து 70 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மீட்டர் உயரத்தில் கேரியரும் சாமானுமாக 100 கிலோ ஏற்றினால் எடை மையம் சுமார் 7 செ.மீ. மேலே போகும். அதே 100 கிலோவை ஒரு டன் எடையுள்ள ஜிப்ஸியில் ஏற்றினால் கிட்டத்தட்ட 12 செ.மீ. ஜிப்ஸியின் இரண்டு சக்கரங்களுக்கு இடையே 1.3 மீட்டர்தான் அகலம். காகிதக் கணக்கில் அது கவிழும் சாய்வு 43 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்கு வந்துவிடுகிறது. ஸ்பிரிங் அமுங்குவதையும் டயர் நசுங்குவதையும் சேர்த்தால் இன்னும் குறையும். போடியிலிருந்து போடிமெட்டு ஏறும் பதினேழு கொண்டை ஊசியிலும் இது ஸ்டியரிங்கில் தெரியும். கொழுக்குமலை ஜீப் பாதை மாதிரி ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் பள்ளம் என்று சாய்ந்து போகும் இடத்தில் அந்த ஐந்து டிகிரி ரொம்பப் பெரிது. சிறிய வண்டிக்கு மேலே கேரியர் வேண்டுமா என்பதையே முதலில் யோசியுங்கள்.

வெளிக்கூண்டு

இங்கே அதிகம் ஓடுவது இதுதான், சரியாகச் செய்தால் நான்கில் நல்லதும் இதுதான். ஆறு கால்: முன்னிரண்டு கண்ணாடிச் சட்டத்தின் அடியில், நடுவிரண்டு கதவுக்குப் பின்னால், பின்னிரண்டு பாடியின் மூலையில். 25 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம் உள்ள இரும்புக் குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 1.15 கிலோ. 140க்கு 120 செ.மீ. தட்டு, ஐந்து குறுக்குக் கம்பி, ஆறு கால் என்றால் 19, 20 மீட்டர் குழாய் போகும். அதாவது சாமான் ஏற்றாமலே 22 கிலோவுக்கு மேல். அலுமினியத்தில் 3 மி.மீ. கனம் எடுத்தாலும் பாதி எடையில் முடியும். ஆனால் அதற்கு ஆர்கான் வெல்டிங் வேண்டும். சாதாரண ஆர்க் வெல்டிங் மட்டும் உள்ள பட்டறையில் அலுமினியத்தைக் கொடுக்காதீர்கள்.

கூண்டு உடைவதற்கான முதல் காரணம் எடை இல்லை, கால்களைத் தப்பான இடத்தில் ஊன்றுவது. ஜீப்பின் பாடி, சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தின் மேல் ரப்பர் புஷ் வைத்து உட்கார்ந்திருக்கிறது. முன் சக்கரம் ஒரு பாறையில் ஏற, பின் சக்கரம் எதிர்ப்பக்கக் குழியில் இறங்கினால் சேஸிஸ் முறுக்கும். பாடி அதே அளவு முறுக்காது. பம்பர் சேஸிஸைச் சேர்ந்தது. முன்கால் பாடியில், பின்கால் பம்பரில் என்று பிடித்த கூண்டு, இரண்டும் வேறு வேறு பக்கம் இழுக்க நடுவில் மாட்டிக்கொள்கிறது. சில மாதத்தில் பின்கால் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசலும் அதில் துரு வழிந்த பழுப்புக் கோடும் வரும். மேலே இன்னொரு கோட்டு வெல்டிங் ஓட்டினால் விரிசல் பக்கத்தில் போய் மறுபடி வரும். ஆறு காலும் பாடியிலேயே நிற்க வேண்டும். பாடித் தகட்டுக்கு உள்பக்கம் 75க்கு 75 மி.மீ. அளவில் 4 மி.மீ. இரும்புத் தகடு வைத்து, 8.8 என்ற வலிமை எண்ணைத் தலையில் அடித்த எம்8 (8 மி.மீ.) போல்ட், அதிர்வில் தளராத நைலாக் நட் போட்டு, 25 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்க வேண்டும். முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது துணிக்கும் குறுக்குக் கம்பிக்கும் உள்ள இடைவெளி. நிற்கும்போது இரண்டு விரல் இடைவெளி போதும்போலத் தெரியும். வேகத்தில் படுதா உப்பி மேலே வரும், போய் உரசும். 7 செ.மீ. விடுங்கள். சோதிக்கச் சுலபமான வழி: குறுக்குக் கம்பியின் அடிப்பக்கம் முழுக்கச் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, தேனி, கம்பம் மாதிரி சமவெளிச் சாலையில் 20 கிலோமீட்டர் ஓட்டுங்கள். துணியில் வெள்ளைக் கோடு விழுந்தால் அந்தக் கம்பியை உயர்த்த வேண்டும். பார்க்காமல் விட்டால் அதே இடத்தில் மேல்பூச்சு தேய்ந்து நூல் பஞ்சுபோலக் கிளம்பும். பிறகு அடைமழையில் சொட்டு சரியாக ஓட்டுபவர் முட்டியில் விழும்.

படுதாவைத் திறக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு தடை. வளைகம்பி மடியும்போது நேராகப் பின்னால் போகாது, எழும்பி வில்போல வளைந்து இறங்கும். மேலே தட்டு நிலையாக இருந்தால் அதில் முட்டும். பின்கால் இரண்டிலும் கீல், முன்கால்களில் இரும்பு ஊசி செருகிக் கழற்றும் இணைப்பு என்று செய்யச் சொல்லுங்கள். காலித் தட்டை இரண்டு பேர் பின்னால் சாய்த்தால் படுதா மடங்க வழி கிடைக்கும். முன்காலைக் கண்ணாடித் தூணுக்கு நேர் முன்னால், அதே சாய்வில் வைக்க வேண்டும். நாலு விரல் தள்ளி நட்டால் கொண்டை ஊசியில் மேலே பார்க்கும்போது எதிரே இறங்கும் பஸ்ஸையே அந்தக் கால் மறைத்துவிடும்.

நல்ல கூண்டிலும் ஓட்டத்தில் 40, 50 கிலோவோடு நிறுத்துவது எங்கள் கருத்து. ஒரு யூரியா மூட்டை 45 கிலோ. அதாவது ஒரு மூட்டை, அவ்வளவுதான். அதையும் மேலே ஏற்றாமல் உள்ளே தரையில் போடுவதே சரி. மேலே போக வேண்டியவை படுக்கை, கூடாரம், காலிக் கூடை, பிளாஸ்டிக் குழாய் மாதிரி இடத்தை அடைக்கும் லேசான சாமான்கள். கட்டுவதற்கு நைலான் கயிறு வேண்டாம். நனைந்தால் நீளும், மூணாறு பக்கத்து லாக்கார்ட் கேப் கணவாயைத் தாண்டுவதற்குள் கட்டு தளர்ந்திருக்கும். பாலியஸ்டர் ராட்செட் பட்டை வாங்குங்கள். பட்டையை ஒரு சுற்று முறுக்கிக் கட்டினால் காற்றில் ரீங்காரமும் குறையும்.

துணியைத் துளைத்து ரோல் கேஜில்

எடை தாங்குவதில் இது உறுதியானது. கேஜ் ஏற்கெனவே பாடியில் ஊன்றியிருக்கிறது, கிளாம்ப் மாட்டினால் போதும், கண்ணை மறைக்கும் முன்காலும் கிடையாது. ஆனால் படுதாவில் நான்கு ஓட்டை. ரப்பர் குமிழ் போட்டாலும், சிலிக்கான் தடவினாலும், துணி அசைய அசைய அது விடும். விட்டதும் தண்ணீர் நேராகச் சொட்டாது, கம்பி வழியே ஓடித் தையல் நூலில் ஊறி வேறெங்கோ வரும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மூணாறிலும் தேவிகுளத்திலும் ஓட்டுகிறவர்களுக்கு இது சரிப்படாது. மழை மறைவான மறையூர், சின்னாறு பக்கமே ஓடும் வண்டி, படுதாவைத் திறக்கவே திறக்காத வண்டி என்றால் மட்டும் யோசிக்கலாம்.

ஹார்ட் டாப்

வருஷம் முழுக்க ஏலத்தோட்டத்துக்குச் சாமான் ஏற்றுகிறவர்களுக்கு இதுவே நேர்வழி. குரங்கு கிழிக்காது, பூட்டிவிட்டு லயத்துக்குள் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள்) போகலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பட்டறையில் வார்த்த பைபர் டாப்பும் சுமை தாங்கும் கூரை அல்ல. அதன் மேல் நேராகப் போல்ட் போட்டால் ஓட்டையைச் சுற்றிச் சிலந்தி வலைபோல விரிசல் ஓடும். கேரியரின் கால் பைபரைத் தாண்டி உள்ளே ரோல் கேஜைப் பிடிக்க வேண்டும், அல்லது வெளியே பாடிக்கு இறங்க வேண்டும். பைபர் அசையாது என்பதால் இங்கே ஓட்டையை அடைத்தால் அடைத்ததுதான். டாப்பின் எடையும் மேலேதான் ஏறுகிறது என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேலே எதுவும் வேண்டாம் என்றால்

இரண்டு பேர் மட்டும் போகிற வண்டிக்குப் பின்சீட்டை மடித்தோ கழற்றியோ கிடைக்கும் இடமே போதும். கனமான தண்ணீர் கேன், ஜாக்கி, டூல் பெட்டி எல்லாம் பின் அச்சுக்கு முன்னால், தரையோடு. ஏலக்காட்டுக்குள் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் நுழைவதும் சுலபம்.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்திய வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். கேரள எல்லை தாண்டியதும் சோதனை கடுமை. பாடியை வெட்டி வெல்டிங் வைத்த கூண்டு, புல் பாரில் (முன் பம்பர் மேல் மாட்டும் கம்பித் தடுப்பு) ஊன்றிய முன்கால் இரண்டும் வம்பை விலைக்கு வாங்குவது மாதிரி. போல்ட்டில் கழற்றும்படி இருப்பதையே செய்யுங்கள், துளைக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள்.

சின்னக்கானல், மறையூர் பக்கம் இரவில் தங்கினால் அரிசியோ வெல்லமோ கேரியரில் இருக்கவே கூடாது. அரிசிக்காக ரேஷன் கடையையே உடைத்த அரிக்கொம்பன் யானை இருந்த ஊர் சின்னக்கானல். 2023 ஏப்ரலில் அதைப் பிடித்து இடம் மாற்றினாலும் மற்ற யானைகள் அங்கேதான் இருக்கின்றன.

வெளிக்கூண்டை மே கடைசியில் கழற்றி, மழை முடிந்து மாட்டுவது நல்லது. மழைக்காலத்தில் குறுக்குக் கம்பிக்கு அடியில் துணி காயவே காயாது, பாசி பிடித்துத் தையல் இற்றுப்போகும். கழற்றியதும் குழாயின் தாழ்ந்த முனையில் 6 மி.மீ. ஓட்டை திறந்திருக்கிறதா பாருங்கள், உள்ளே நின்ற தண்ணீர் அதன் வழியேதான் வடிய வேண்டும். போல்ட்டுகளை டப்பாவில் போடாமல் கிரீஸ் தடவி அந்தந்த ஓட்டையிலேயே வாஷரோடு திருகி வையுங்கள். திறந்து கிடக்கும் ஓட்டை வழியாக இறங்கும் தண்ணீர் பாடியை உள்ளிருந்து அரிக்கும், வெளியே பெயிண்ட் கொப்பளிக்கும்வரை அது கண்ணுக்குத் தெரியாது.