இருட்டு, மழை, மார்கழிப் பனி: ஒரு சைக்கிள் விளக்குச் செட்டின் மதிப்பீடு

யூஎஸ்பி வயரில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் சைக்கிள் விளக்குகள், முன்விளக்கும் பின்விளக்குமாகச் சேர்த்து, இப்போது இணையக் கடைகளில் ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலைக்குக் கிடைக்கின்றன. அத்தகைய செட் ஒன்றைச் சென்ற ஐப்பசியில் வாங்கி, தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடைப்பட்ட கிராமச் சாலைகளில் அடைமழையிலும் மார்கழிப் பனியிலும் அறுவடைக் கால இரவுகளிலும் பயன்படுத்திப் பார்த்தபின் இதை எழுதுகிறேன். ஒரே மாதிரியான பொருள் பல பெயர்களில் விற்கப்படுவதால் இதன் பெயரைச் சொல்வதில் பெரிய பயன் இல்லை.

பெட்டியின் முகப்பில் 1000 லூமன் (விளக்கு தரும் ஒளியின் அளவு) என்றும் 4 மணி நேரம் எரியும் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். அதே பெட்டியின் ஓரத்தில், பேட்டரி 3.7 வோல்ட், 2000 மில்லிஆம்பியர்-மணி, அதாவது 2 ஆம்பியர்-மணி, என்று பொடி எழுத்தில் இருக்கிறது. 3.7-ஐயும் 2-ஐயும் பெருக்கினால், பேட்டரி சேமிக்கும் ஆற்றல் 7.4 வாட்-மணி என்று வரும். எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தருகிறது என்று வைத்துக்கொண்டால் 1000 லூமனுக்கு 10 வாட் வேண்டும். அந்தக் கணக்கில் முக்கால் மணி நேரத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிட வேண்டும். நான்கு மணி நேரம் எரிவது உண்மைதான், ஆனால் மிக மங்கலான நிலையில் வைத்தால் மட்டுமே. தெருவிளக்கு உள்ள ஊருக்குள் அந்த மங்கல் வெளிச்சமே போதுமானது என்பதால் விளக்கின் மீது எனக்குக் குறை இல்லை, பெட்டியின் மீதுதான்.

ஒளியின் அளவைவிட அது விழும் வடிவமே முக்கியம் என்பதைத் தெருவிளக்கில்லாத சாலை காட்டிவிடுகிறது. இந்த முன்விளக்கு டார்ச் போல வட்டமாக ஒளி வீசுவதால், நேராகப் பிடித்தால் பாதி வெளிச்சம் மரக்கிளைகளுக்கும் எதிரே வருபவரின் கண்களுக்கும் போய்விடுகிறது. ஜெர்மனியில் சைக்கிள் முன்விளக்கு எதிரே வருபவருக்குக் கண் கூசாதபடி, மேல்பக்கம் வெட்டப்பட்ட ஒளியையே தர வேண்டும் என்பது சாலை விதி. நம் ஊர்க் கடைகளில் அத்தகைய விளக்கு அரிதாகவே கண்ணில் படுகிறது. ஆகவே ஒளிவட்டத்தின் நடுப்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டர் முன்னால் தரையில் விழும்படி விளக்கைச் சாய்த்து வைத்தேன். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு நொடியில் 5 மீட்டர் கடப்பதால், பள்ளத்தைப் பார்த்துப் பிரேக் பிடிக்க இரண்டு நொடிதான் கிடைக்கிறது என்பதை மறக்கக் கூடாது. சாலையில் நெல்லைக் காயப்போட்டு அதைச் சுற்றி வைத்திருக்கும் கற்கள், தாழ்ந்து விழும் இந்த ஒளியில் நீண்ட நிழலோடு தெரிகின்றன. அவற்றைக் கண்டு ஒதுங்க அந்த இரண்டு நொடி போதுமானதாக இருந்தது, சாலை காய்ந்திருந்தவரை. நனைந்த சாலையில், அதிலும் குரோம் பூசிய இரும்பு ரிம்மைப் பிடிக்கும் பிரேக்குள்ள பழைய சைக்கிளில், ரப்பர் முதலில் தண்ணீரை வழித்தெடுத்த பிறகே பிடிப்பு வருகிறது என்பதால், விளக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பனிமூட்டத்தில் முழு வெளிச்சம் வைத்தால் எதிரே வெள்ளைத் திரை கட்டியது போலாகிவிடுகிறது. மங்கல் நிலைக்கு மாற்றி இன்னும் தாழ்த்தினால் சாலையோரம் தெரிகிறது.

மழையைப் பொறுத்தவரை, பெட்டியில் உள்ள ஐபிஎக்ஸ்4 என்ற குறி எந்தத் திசையிலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும் என்பதையே சொல்கிறது. நீரில் மூழ்குவதைத் தாங்கும் என்று பொருள் இல்லை. முன்விளக்கு கொட்டும் மழையிலும் அணையவில்லை. ஆனால் சார்ஜ் துளையை மூடும் ரப்பர் மூடி தளர்வாக இருப்பதால், நனைந்து வந்த இரவில் நன்றாகத் துடைத்து உலரவிட்ட பிறகே வயரைச் செருக வேண்டியிருக்கிறது. டயரில் உரசி ஓடும் பழைய டைனமோ நனைந்தால் வழுக்கும், வண்டி நின்றால் விளக்கும் அணையும். அந்தத் தொல்லை இதில் இல்லை.

செட்டில் உண்மையிலேயே காசுக்குத் தகுந்த பொருள் பின்விளக்குதான். பகலில் மழை இருட்டும்போது விட்டு விட்டு எரியும் நிலையும், இரவில் நிலையாக எரியும் நிலையும் நன்றாக உதவுகின்றன. இருட்டில் மினுக்கும் விளக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பின்னால் வரும் ஓட்டுநருக்குச் சட்டென்று பிடிபடாது என்பதால் இரவில் நிலையான ஒளியையே வைக்கிறேன். சீட்டுக்குக் கீழே மாட்டினால் மழைக்கோட்டின் பின்பகுதி தொங்கி அதை முழுவதும் மறைத்துவிடுகிறது. கேரியரின் கடைக்கோடிக்கு மாற்றியதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. மட்கார்டு இல்லாத வண்டியில் சக்கரம் வாரி இறைக்கும் சேறு பின்விளக்கின் கண்ணாடியை மூடிவிடும். பேட்டரி தீர்ந்தாலும் வேலை செய்வது ரிஃப்ளெக்டர் என்பதால் பழைய சிவப்பு ரிஃப்ளெக்டரைக் கழற்றிவிடாதீர்கள்.

முன்விளக்கை மாட்டும் ரப்பர் பட்டைதான் இந்த செட்டின் பலவீனம். தடித்த ஹேண்டில்பாருக்கு ஏற்ற நீளத்தில் அதைச் செய்திருப்பதால், சாதாரண சைக்கிளின் மெல்லிய ஹேண்டில்பாரில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் விளக்கு தலைகுனிகிறது. பழைய டியூபில் ஒரு துண்டை வெட்டிச் சுற்றிய பிறகு அசையவில்லை. ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர்கள் இந்த செட்டைத் தயங்காமல் வாங்கலாம். ஊர் தாண்டி இருட்டில் போகிறவர்கள் பின்விளக்கைத் தனியாக வாங்கிக்கொண்டு, முன்விளக்குக்கு இன்னும் கொஞ்சம் செலவழித்து, மேல்பக்கம் வெட்டிய ஒளி தருவதாகத் தேடி வாங்குவது நல்லது.