கிளாரிஸ், டியாக்ரா, 105: குன்னூர் ரோட்டுல ஏழு வருஷம் மிதிச்சதுல தெரிஞ்சுக்கிட்டது

குன்னூர்ல ரோடு பைக், அதாவது தார் ரோட்டுல வேகமா ஓட்டுற கியர் சைக்கிள், வாங்க ஆசைப்படுற பசங்க எல்லாரும் எங்கிட்ட கேக்குறது ஒண்ணேதான், "அண்ணா, கிளாரிஸ் போதுமா, 105க்கு போயிரலாமா?" ரெண்டுமே ஷிமானோ கம்பெனியோட கியர் செட் பேரு. 2018ல எனக்கும் இதே குழப்பம் இருந்துச்சு, கையில காசு இல்லாததால பதில் தானா கிடைச்சிருச்சு. கிளாரிஸ்ல மூணு வருஷம், அதுக்கப்புறம் டியாக்ரா 4700, இன்னைக்கும் அதுதான். நடுவுல மச்சான் வேலை விஷயமா வெளியூர் போனப்ப அவரோட 105 R7000 பைக் நாலு மாசம் எங்க வீட்டு வராந்தாவுல நின்னுச்சு, "சும்மா நிக்க விடாதீங்க மாப்ள, ஓட்டுங்க"ன்னு வேற சொல்லிட்டுப் போனாரு, அப்புறம் நான் விடுவேனா.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி: ஷிமானோல பின்னாடி கியர் எண்ணிக்கைய வச்சுப் பாத்தா கிளாரிஸ் 8, சோரா 9, டியாக்ரா 10, R7000 தலைமுறை 105 பதினொண்ணு, இப்ப வர்ற புது 105 பன்னெண்டு. அதுக்கு மேல அல்டெக்ராவும் டியூரா ஏஸும் இருக்கு, அதெல்லாம் நான் கடையில தொட்டுப் பாத்ததோட சரி.

கிளாரிஸ் வாங்கின மாசமே மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ஏறலாம்னு கிளம்பினேன். கிட்டத்தட்ட 1,500 மீட்டர் ஏத்தம், 14 கொண்டை ஊசி வளைவு. நம்ம ஊர் ரயிலே கல்லார் தாண்டிட்டா தண்டவாளத்துக்கு நடுவுல இருக்குற பல்லைக் கடிச்சுக் கடிச்சுதான் ஏறுது, 1899ல இருந்து அப்படித்தான், நான் என்னடான்னா பின்னாடி 11-28 கேசட்டோட (பின் சக்கரத்துல இருக்குற பல்சக்கர அடுக்கு, சின்னதுல 11 பல், பெருசுல 28) போறேன். பர்லியார் பழக்கடை வர்றதுக்குள்ள முட்டி ரெண்டும் கழண்டுருச்சு, கடைக்கார அம்மா "கண்ணு, உக்காந்து மூச்சு வாங்கிட்டுப் போ, மலை எங்கயும் ஓடிராது"ன்னாங்க. அன்னைக்கு கியர் செட்டைத்தான் மனசுக்குள்ள திட்டினேன், வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டப்பதான் தப்பு வேற இடத்துல இருக்குன்னு புரிஞ்சுது. முன்னாடி 34 பல், பின்னாடி 28 பல், டயர் ஒரு சுத்து சுமாரா 2.1 மீட்டர், அப்ப பெடலை ஒரு முழு சுத்து மிதிச்சா இரண்டரை மீட்டர் போகணும். அந்த ஏத்தத்துல என் வேகமே மணிக்கு 7 கிலோமீட்டர்தான், அதாவது நிமிஷத்துக்கு 46 மிதி, ஒவ்வொரு மிதியும் மாவாட்டுற மாதிரி இருக்கும். பின்னாடி 34 பல் இருந்தா அதே வேகத்துக்கு 56 மிதி, முட்டி அழாது. அதே கிளாரிஸ்ல 11-32 கேசட்டும் கொஞ்சம் நீள செயினும் போட்டதும் அடுத்த மாசமே நிக்காம ஏறிட்டேன்.

இப்ப மூணையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. கிளாரிஸ் 11-32ல கடைசி பல்லுங்க 21, 24, 28, 32. டியாக்ரா 11-34ல 21, 23, 26, 30, 34. 105 11-34ல 21, 23, 25, 27, 30, 34. டியாக்ராவுல ஒரே 26 இருக்குற இடத்துல 105ல 25, 27ன்னு ரெண்டு இருக்கு, மத்தபடி எல்லாப் பல்லும் ஒண்ணுதான்! எப்படியும் கடைசி ரெண்டு பல்லுலயே ஒரு மணி நேரம் குடியிருக்கப் போற மனுஷனுக்கு அந்த ஒரு பல் என்ன செய்யும் சொல்லுங்க. சமதரையில, கோயம்புத்தூர் ரோட்டுல நாலு பேரோட ஒரே வேகத்துல போறப்பதான் கிளாரிஸோட இடைவெளி காலுக்குத் தெரியும், ஒரு கியர் லேசா இருக்கும், அடுத்தது கனமா இருக்கும், நடுவுல ஒண்ணு இருந்தா தேவலைன்னு தோணும்.

வித்தியாசம் காலைவிட கையிலதான் தெரிஞ்சுது. டிசம்பர் காலையில விரல் விறைச்சுப் போயிருக்கும், அப்ப கிளாரிஸ்ல முன்பக்கம் சின்ன பல்சக்கரத்துல இருந்து பெருசுக்கு செயினைத் தள்ள மொத்த உள்ளங்கையும் வேணும். டியாக்ராவுல ரெண்டு விரல். 105ல அதைவிடக் கொஞ்சம் லேசு, ஆனா கிளாரிஸ்ல இருந்து டியாக்ராவுக்கு வந்தப்ப கிடைச்ச சந்தோஷத்துல கால்வாசிகூட இல்ல.

பிரேக் வேற கதை. என் கிளாரிஸ் பைக்ல பேர் தெரியாத ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிக்கிறது), மழையில கோத்தகிரி ரோட்டுல இறங்குறப்ப லிவரை அமுக்கினா சக்கரம் ஒண்ணு ரெண்டு சுத்து சுத்தி தண்ணிய வழிச்சு எடுத்த பிறகுதான் பிடிக்கும், அந்த ரெண்டு சுத்துக்குள்ள குலதெய்வம் எல்லாம் ஞாபகம் வரும். கிளாரிஸ் R2000, சோரா R3000 லிவர் எல்லாம் கேபிள் இழுக்குறதுதான். என் டியாக்ராவுல ஆயில் டிஸ்க் பிரேக். காசு சேத்து மேல போனதுக்கு எனக்கு இது ஒண்ணே போதும், கியரை விட்டுத் தள்ளுங்க.

கியர் கேபிளுக்கும் வயசு உண்டு, நான்தான் மதிக்கல. ரெண்டு வருஷமா மாத்தாம ஓட்டி, போன வருஷம் காட்டேரி கிட்ட ஏறிட்டு இருக்கும்போது கியர் மெதுவா அடம் பிடிச்சுது, அப்புறம் "டக்"னு ஒரு சத்தம், செயின் நேரா 11 பல்லுல போய் உக்காந்துருச்சு. கேபிள் அறுந்தா டெரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்துல இருந்து அடுத்ததுக்கு நகத்துற பாகம்) ஸ்பிரிங் அங்கதான் கொண்டுபோய் விடும். ஏத்தத்துல 11 பல்! டெரெய்லர் சின்ன பல் பக்கம் எதுவரைக்கும் போகலாம்னு நிறுத்துற, H போட்ட திருகை முடிஞ்ச மட்டும் உள்ள திருகினேன், ஒரு பல் மேல வந்துச்சு, அதுக்கு மேல வரல, மிச்ச தூரம் பாதி தள்ளிக்கிட்டேதான் வந்தேன். வீட்டுல லிவர் ரப்பரைப் புரட்டினா உள்ள கேபிள் தலைக்குப் பக்கத்துல முடி முடியா பிரிஞ்சு கிடக்கு, புருவம் பிடுங்குற சாமணத்தை வச்சு ஒவ்வொரு கம்பியா எடுக்க ராத்திரி பதினொண்ணு ஆச்சு, விரல்ல மூணு இடத்துல ரத்தம், சாமணத்துக்கு வீட்டுல தனியா திட்டு. இப்ப வருஷா வருஷம் மழை முடிஞ்சதும் மாத்திடுறேன்.

உதிரி பாகத்துல ஏமாந்த கதையும் இருக்கு. ஒரு தடவ பாசியில வழுக்கி டெரெய்லர் வளைஞ்சுது, பழசு ஒண்ணு சல்லிசா கிடைச்சுது, அதுவும் 10 கியர், டியாக்ராவேதான், ஆனா முந்தின 4600. ரெண்டு ஞாயித்துக்கிழமை டியூன் பண்ணியும் நடுவுல ரெண்டு கியர் கரகரன்னுதான் இருந்துச்சு. 4700ல லிவர் ஒரு கிளிக்குக்கு கேபிளை இழுக்குற அளவே வேற, பழைய 10 கியர் டெரெய்லரோட சேராதுன்னு அப்புறம்தான் தெரியும். கிளாரிஸ்ல இந்தத் தொல்லை கம்மி, சாதா கியர் சைக்கிள்ல வர்ற 8 கியர் செயின், கேசட் எல்லாம் அப்படியே பொருந்தும், நம்ம டவுன் கடையிலயே கிடைக்கும். 105 செயினுக்கு நான் கொரியர்காரருக்கு அஞ்சு நாள் காத்திருந்தேன்.

செயின் தேஞ்சுதான்னு பாக்க ஸ்கேல் போதும்ங்க, ஒரு பின்னை பூஜ்யமா வச்சு எண்ணி அதுல இருந்து இருபத்திநாலாவது பின் வரைக்கும் சரியா 12 அங்குலம் இருக்கணும், அரைக்கால் (1/8) அங்குலம் கூடிருச்சுன்னா அது கேசட்டையும் தின்ன ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், அதுல பாதி கூடினப்பவே மாத்திருங்க. மேகமும் மண்ணும் சேந்து ஒட்டுற நம்ம ரோட்டுல இதை மாசம் ஒரு தடவ பாக்கணும். கிளாரிஸ் பைக் இப்ப தங்கச்சி பையன்கிட்ட இருக்கு, போன வாரம் அளந்தேன், இன்னும் தேறும்.