பலகைப் படகுக்கு எது: செம்பு ரிவெட்டா, வெண்கல ஸ்க்ரூவா, ஜி.ஐ. ஆணியா?

நார்வே பாணிப் பழைய துடுப்புப் படகு ஒன்றைப் பழுதுபார்க்க எடுத்தபோது முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது ஆணியைத்தான். இந்தப் படகுகளில் மேல்பலகையின் அடிவிளிம்பு கீழ்ப்பலகையின் மேல் சற்றே ஏறி நிற்கும். அந்த விளிம்பு நெடுக வரிசையாக ஆணி. நான் செம்பு ரிவெட்டை, அதாவது மறுமுனையையும் தட்டித் தலையாக்கும் ஆணியை, தேர்ந்தெடுத்தேன். இன்றும் அதையே சொல்வேன்.

ஜி.ஐ. ஆணி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பாணி, விலை குறைவு, பலமும் உண்டு. அந்தக் கால வடஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளே இரும்பு ரிவெட்டில்தான் கட்டினார்கள். 1880-இல் தோண்டியெடுத்த கோக்ஸ்டாட் கப்பலில் அதைப் பார்க்கலாம். ஆனால் உப்புத் தண்ணீரில் துத்தநாகப் பூச்சு தேய்ந்ததும் துரு தொடங்கிவிடும். ஓக் மரமாக இருந்தால் அதிலுள்ள டானின் அமிலம் இரும்பை அரிக்கும். ஆணியைச் சுற்றி மரமும் கறுத்து இற்றுப்போகும்.

சிலிக்கான் வெண்கல ஸ்க்ரூ நல்ல பொருள். செம்பைவிட உறுதி, கடல்நீரைத் தாங்கும், ஒரே ஆள் முடுக்கிவிடலாம். (பித்தளை ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம். அதிலுள்ள துத்தநாகம் கடல்நீரில் கரைந்துபோகும்.) சிக்கல் எங்கே என்றால், ஸ்க்ரூவின் மரை மரத்தைப் பிடித்துத்தான் நிற்கிறது. ஒரு சென்டிமீட்டர் பலகையில் அதற்குப் பிடிக்க என்ன இருக்கிறது? அலையில் படகு முறுக்கும்போதெல்லாம் ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும்.

ரிவெட் மரத்தின் பிடியை நம்புவதில்லை. முதலில் ஓட்டை போட்டு, சதுரச் செம்பு ஆணியை வெளியிலிருந்து அடித்து நுழைப்பார்கள். உள்பக்கம் கிண்ணம் போலக் குழிந்த சின்ன செம்பு வாஷரை அதன்மேல் இறுக்கி, மிச்ச நுனியை வெட்டி, சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டித் தலை எழுப்ப வேண்டும். வெளியே இன்னொருவர் ஆணித்தலையில் கனமான இரும்பை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் ஆணி மரத்துக்குள்ளேயே வளைந்துவிடும்.

இரண்டு பேர் வேலை, செலவும் கூடுதல். சரி, ஆனாலும் ஏன் செம்பு? பராமரிப்புக்காகத்தான். வருடங்கள் போய் ஒரு மூட்டு கசிந்தால், வெளியே இரும்பைப் பிடித்து உள்ளே லேசாகத் தட்டினால் போதும். செம்பு இளகிய உலோகம் என்பதால் மறுபடி இறுகும். அதற்கும் மசியாவிட்டால் தட்டிய தலையைத் துளைத்தெடுத்து, ஆணியைத் தள்ளி, ஒரு அளவு தடித்த ஆணியைப் போடலாம். பக்கத்துப் பலகையைத் தொட வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனம்: குளிர்காலம் முழுக்கக் கரையில் காய்ந்த படகு, தண்ணீரில் இறக்கியதும் கசியத்தான் செய்யும். பலகை ஊறி உப்பட்டும். காய்ந்திருக்கும்போதே ரிவெட்டை இறுக்கினால், ஊறும்போது மரம் நசுங்கும்.

அப்புறம், செம்பையும் இரும்பையும் கலக்காதீர்கள். 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்ற கப்பலின் அடிப்பகுதிக்குச் செம்புத் தகடு அடித்தது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், செம்பை ஒட்டியிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. இடையே காகிதம் இருந்த இடத்தில் மட்டும் ஆணி நன்றாக இருந்தது.

எங்கள் படகிலும் எல்லாம் ரிவெட் இல்லை. பலகை முனைகள் அணியத்திலும் (படகின் முன்முனை) பின்பலகையிலும் சேரும் இடங்களில் உள்பக்கம் சுத்தியல் எட்டாது. அங்கே வெண்கல ஸ்க்ரூதான். பிளைவுட் பலகைகளை எபாக்சி என்ற பசையில் ஒட்டும் முறையும் இருக்கிறது. நண்பர் ஒருவரின் படகில் கசிவே இல்லை. ஆனால் ஒட்டிய மூட்டைப் பிரித்துப் பழுதுபார்த்த அனுபவம் எனக்கு இல்லாததால், அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.