முதல் பட்டுக் கிமோனோ: ஹோமோங்கியா, இரோமுஜியா, எடோ கோமோனா?

கிமோனோ எல்லாமே ஒரே வெட்டுதான். சுமார் 37 செ.மீ. அகலமும் 12, 13 மீட்டர் நீளமும் உள்ள ஒரு சுருள் துணியை நேராக வெட்டி நேராகத் தைக்கிறார்கள். கல்யாணத்துக்கு உடுத்துவதும் கடைத்தெருவுக்கு உடுத்துவதும் தையலில் கிட்டத்தட்ட ஒன்றே. துணிக்குச் சாயம் எப்படி ஏறியது, டிசைன் எங்கே விழுகிறது, குடும்ப முத்திரை எத்தனை, இடுப்பில் கட்டும் ஓபி எது: இவைதான் அதன் தகுதியைத் தீர்மானிக்கின்றன. ஜப்பானில் சில வருடம் இருக்கப்போகும் பெண், ஒரே ஒரு நல்ல பட்டுக் கிமோனோ வாங்கலாம் என்று கிளம்பினால், கடையில் தலை சுற்றுவது இதனால்தான்.

இரண்டு வகைகளை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். கறுப்பு உடலில் ஐந்து முத்திரையும் விளிம்பில் மட்டும் ஓவியமும் உள்ள குரோதோமேசோதே, மணமக்களின் தாய்மாரும் நெருங்கிய உறவில் திருமணமான பெண்களும் உடுத்துவது. முழங்காலுக்குக் கீழே வரை கை தொங்கும் ஃபுரிசோடே திருமணமாகாத பெண்களுக்கானது. ஜனவரி இரண்டாவது திங்கட்கிழமை வரும் வயதுவந்தோர் நாளில் தெருவெல்லாம் அதுதான். இரண்டையும் வாழ்நாளில் சில முறைதான் உடுத்த முடியும். தேவைப்பட்டால் வாடகைக்கு எடுப்பதே நல்லது.

மிச்சம் இருக்கும் போட்டி மூன்று பேருக்குள்.

ஹோமோங்கி பார்த்தவுடன் மனதைப் பறிக்கும். அன்றாடக் கிமோனோக்களில் தையல் வரும் இடத்தில் டிசைன் அறுந்துபோகும். இதில் ஒரு பூங்கிளை கீழ் விளிம்பில் தொடங்கித் தையலைத் தாண்டி ஓடும், தோளிலும் கையிலும் அப்படியே. இதற்காக வெள்ளைத் துணியை முதலில் தற்காலிகமாகக் கிமோனோவாகத் தைத்து, அதன்மேல் வரைந்து, பிறகு பிரித்துச் சாயமேற்றி, மறுபடி தைக்கிறார்கள். கியோட்டோவின் யூசென் என்ற சாய ஓவியம் ஆனாலும் கனஸாவாவின் காகா யூசென் ஆனாலும் கைவேலை என்றால் விலையில் தெரியும். நண்பரின் கல்யாணம், விருந்து, பிள்ளையின் பள்ளி நுழைவு விழா எல்லாவற்றுக்கும் சரியாக இருக்கும். திருமணமானவர், ஆகாதவர் என்ற பாகுபாடும் இல்லை. வெள்ளை மட்டும் மணப்பெண்ணின் நிறம் என்பதால் கல்யாணத்துக்குத் தவிர்க்க வேண்டும்.

இதன் குறையே அதன் அழகுதான். அந்தப் பூங்கிளை எல்லோர் நினைவிலும் நின்றுவிடும். அதே ஆட்கள் கூடும் இடத்துக்கு மூன்றாம் முறை போகும்போது, "ஓ, அந்த விஸ்டீரியாப் பூ" என்று கிமோனோதான் முதலில் அடையாளம் காணப்படும். பருவப் பூ என்றால் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பூ மரத்தில் மலர்வதற்குச் சற்று முன்னால் அதை உடுத்துவதுதான் மரபு. செர்ரிக் கிளை தத்ரூபமாக வரைந்த ஹோமோங்கிக்கு வருடத்தில் சில வாரம்தான் வேலை, மற்ற நாளெல்லாம் பெட்டியில்தான்.

இரோமுஜி இதற்கு நேரெதிர். உடல் முழுக்க ஒற்றை நிறம், பெரும்பாலும் நெசவிலேயே நிழலாடும் செல்ஃப் டிசைன். கடையில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் முதுகில் ஒரு முத்திரை வைத்துவிட்டால் முறையான கூட்டத்திலும் மதிப்பாக உட்காரலாம். தேநீர்ச் சடங்கில் இதற்குத்தான் தனி மரியாதை. அங்கே முக்கியம் கோப்பையும் சுவரில் தொங்கும் சுருளோவியமும் விருந்தளிப்பவரின் கையும். விருந்தாளியின் உடை முந்திக்கொண்டு பேசக்கூடாது. இதே காரணத்தால் மோதிரம், கைக்கடிகாரம், ஓபியில் மாட்டும் அலங்காரப் பதக்கம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பழங்காலக் கோப்பையில் உலோகம் உரசிவிடக்கூடாதே!

நான் தேநீர் கற்கத் தொடங்கிய வருடம், வகுப்பின் மூத்த அம்மையார் ஒருவர் சாம்பல் கலந்த ஊதா நிற இரோமுஜியில் வருவார். புத்தாண்டின் முதல் கூட்டத்துக்கு அதன்மேல் ஜரிகை நெய்த ஓபி. வைகாசி மாதம் போல வெயில் ஏறும் நாளில் வெளிர்பச்சை ஓபி. கணவரின் நினைவு நாளுக்கும் அதே கிமோனோதான், கறுப்பு ஓபியோடு. எனக்குக் கிமோனோ என்றால் என்னவென்று புரிந்தது அவரைப் பார்த்துத்தான். இரோமுஜி வாங்குவதென்றால் செல்ஃப் டிசைன் ஓடும் நீராகவோ மேகமாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். அவை மங்கலத்துக்கும் துக்கத்துக்கும் பொது. பைன், மூங்கில், கொக்கு இருந்தால் நல்ல காரியத்துக்கு மட்டும்தான்.

சரி, இரோமுஜியில் நண்பர்களோடு மதிய உணவுக்கோ நாடகத்துக்கோ போகலாமா? போகலாம். ஆனால் முதுகில் பளிச்சென்ற வெள்ளை முத்திரையோடு நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்தால் விறைப்பாக இருக்கும்.

இங்கேதான் மூன்றாமவர் நுழைகிறார். கோமோன் என்றால் உடல் முழுக்க ஒரே சிறு டிசைன் திரும்பத் திரும்ப வரும் அன்றாடக் கிமோனோ. எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) கோமோன் அதில் தனிப் பிறவி. சாமுராய்கள் அரண்மனைக்கு உடுத்திய விறைப்பான மேலுடையில் இருந்த நுண்புள்ளி டிசைன்தான் அதன் தொடக்கம். இசே பகுதியின் கைவெட்டுக் காகித அச்சுகளை வைத்துச் சாயமேற்றுவார்கள். பத்தடி தள்ளி நின்றால் ஒற்றை நிறம். பக்கத்தில் வந்தால் ஊசிமுனைப் புள்ளிகள் ஆயிரக்கணக்கில் விரியும். புள்ளிகள் விசிறி விசிறியாக அடுக்கிய சுறாத்தோல் டிசைன், சாய்வரிசையில் ஓடுவது, கட்டம் கட்டமாக நிற்பது என்ற மூன்றுக்கும் தகுதி அதிகம். இவற்றில் ஒரு முத்திரை வைத்தால் இரோமுஜிக்குச் சமம். அந்த முத்திரையை வெள்ளையாகச் சாயத்தில் விடாமல், உடலின் நிறத்தை ஒட்டிய நூலில் தைத்துவிட்டால் இன்னும் நல்லது. சடங்கில் இருக்கிறது என்று தெரியும், நாடகக் கொட்டகையில் கண்ணை உறுத்தாது.

என் ஓட்டு இதற்குத்தான். தோழியின் கல்யாணத்தில் முதல் வரிசை என்றால் ஹோமோங்கி இதை வென்றுவிடும், அதை மறுக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு நாள் எத்தனை முறை வரும்? தேநீர், விருந்து, கபுகி நாடகம், ஒரு நல்ல இரவுணவு என்று மாதம் ஒரு தடவையாவது உடுத்த வேண்டும் என்பவருக்குச் சுறாத்தோல் எடோ கோமோன் போல உழைக்கும் துணி வேறில்லை.

அதற்கு உயிர் கொடுப்பது ஓபி. 4 மீட்டருக்கு மேல் நீளமான ஃபுகுரோ ஓபி, ஜரிகை கலந்து நெய்தது, முதுகில் இரட்டை மடிப்பாக விழும். சந்தோஷம் இரட்டிப்பாகட்டும் என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள். கல்யாணத்துக்கும் விருந்துக்கும் அதுதான். தைஷோ காலத்தில் (1912-1926) நகோயாவில் பிறந்த நகோயா ஓபி குட்டை, லேசு, ஒற்றை மடிப்பு. நாடகத்துக்கும் சாப்பாட்டுக்கும் இது. ஓபியின் மேல் கட்டும் கயிறு கூடச் சேர்ந்து மாறும்: வெள்ளையோடு ஜரிகை என்றால் விழா, நிறக் கயிறு என்றால் வெளியே உலா. ஒரு கிமோனோவும் இந்த இரண்டு ஓபியும் இருந்தால் மூன்று கிமோனோ வாங்கியதுபோல.

நூலுக்கே சாயமேற்றி நெய்யும் ட்ஸுமுகிப் பட்டின் பக்கம் மனம் போகும், போகத்தான் செய்யும். அமாமித் தீவில் மரச்சாற்றிலும் இரும்புச் சத்துள்ள சேற்றிலும் மாற்றி மாற்றித் தோய்த்துக் கறுப்பாக்கும் ஓஷிமா ட்ஸுமுகி, கையால் இழுத்த நூலில் நெய்யும் யூகி ட்ஸுமுகி (2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது) இரண்டுமே ஹோமோங்கியை விட விலை கூடப் போகலாம். இருந்தும் முறையான கல்யாணத்துக்கு உடுத்த முடியாது. நூலுக்கு முதலிலேயே சாயமேற்றி நெய்த துணி உழைக்கும் மக்களின் உடையாகத் தொடங்கியது, அந்த வரிசை இன்றும் மாறவில்லை. விலையைப் பார்த்துத் தகுதியை எடைபோட்டவர்கள் ஏமாறும் இடம் இது. இரண்டாவது கிமோனோவாக வாங்குங்கள், ஆசை தீர உடுத்துங்கள்.

அன்றாடக் கோடு போட்ட கிமோனோக்களைப் பார்க்கும்போது எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. எடோ நகரவாசிகள் விரும்பிய மெல்லிய கோட்டுப் பருத்திக்கு சந்தொமே என்று ஒரு பெயர். சோழமண்டலக் கரையில் போர்ச்சுகீசியர் குடியேறிய சான் தோமே, அதாவது நம் மயிலாப்பூர் சாந்தோம், கப்பலேறிப் போய் ஒரு துணியின் பெயரானது.

கோடைக்கு யுகாதா போதும். உள்ளாடை அடுக்கு இல்லாத பருத்தி, வெறுங்காலில் மரச்செருப்பு, பாதி அகல ஓபி. வாணவேடிக்கைக்கு அதை விடச் சுகமானது இல்லை, கல்யாணத்துக்குக் கொண்டுபோக முடியாது. பட்டுக்கும் காலக்கெடு உண்டு: அக்டோபர் முதல் மே வரை உள்துணி வைத்தது, ஜூனிலும் செப்டம்பரிலும் உள்துணி இல்லாதது, ஜூலையிலும் ஆகஸ்டிலும் வலைபோன்ற மெல்லியது. முதலில் வாங்குவது உள்துணி வைத்ததாக இருக்கட்டும். இப்போதைய வெயிலில் மே மாதமே உள்துணி இல்லாததை உடுத்துகிறார்கள், தப்பாக யாரும் நினைப்பதில்லை.

புதிதாகத் தைக்கப் பணமில்லை என்றால் பழைய கிமோனோக் கடைகள் இருக்கின்றன. அங்கே முத்திரை வேறொரு குடும்பத்துடையதாக இருக்கும். ஐந்து-மூன்று பவுலோனியா (நடுவில் ஐந்து பூ, இருபுறமும் மும்மூன்று பூ வைத்த மர டிசைன்) முத்திரை என்றால் வாடகைக் கிமோனோக்களிலேயே பொதுவாக வருவது, தயங்க வேண்டாம். கிமோனோவின் நீளம் சற்றுக் கூடினாலும் இடுப்பில் மடித்துவிடலாம். பார்க்க வேண்டியது கை: பிடரி எலும்பிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை. பழைய துணிகளில் இது குட்டையாக இருக்கும், தையலைப் பிரித்தாலும் இரண்டு மூன்று செ.மீ.க்கு மேல் கிடைக்காது. போட்டுப் பார்த்துக் கையை நீட்டுங்கள். மணிக்கட்டு எலும்பு நன்றாக வெளியே தெரிந்தால், எவ்வளவு அழகான சுறாத்தோல் ஆனாலும் மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.