இசப்கோல் உமித்தூள்: இரவுப் பணிக்கு நடுவே மூன்று மாத அனுபவம்

முதுநிலை மருத்துவப் பயிற்சியில், ரவுண்ட்ஸ் தொடங்கும் வேளையில் வயிறு முறுக்கிப் பிடிப்பதும், கழிப்பறைக்குப் போய்வந்ததும் சற்று அடங்குவதும் எனக்கு வாடிக்கையாகிவிட்டன. கடைசி 3 மாதங்களில் சராசரியாக வாரம் ஒரு நாளாவது வலி என்ற, எரிச்சல் குடல் நோயைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2016இல் வெளியான ரோம் 4 வரையறையை நோயாளிகளுக்கு விளக்கிவந்த நானே, என் வலியை ஓராண்டு தள்ளிப்போட்டேன். எரிச்சல் குடல் நோய் என்று உறுதியான பின் எனக்குப் பரிந்துரைக்கப்பட்டது இந்தத் தூள்.

நீரில் கரையும் இந்த நார்ச்சத்து குடலில் கூழாகி, இறுகிய மலத்தை இளக்கவும் நீர்த்ததைத் திரட்டவும் உதவுகிறது. கரையாத நாரான தவிடோ பலருக்கு உப்புசத்தைக் கூட்டிவிடும். ஆனால் எடுத்த எடுப்பில் இரண்டு கரண்டி போட்டதால் முதல் வாரம் எனக்கும் வயிறு உப்பியது. அரைக் கரண்டியில் தொடங்கி மெல்லக் கூட்டிய பிறகே பலன் தெரிந்தது. டப்பாவில் இந்த எச்சரிக்கை இல்லாதது பெருங்குறை.

கலக்கியதும் குடித்துவிட வேண்டும். ஒருமுறை அவசர அழைப்புக்கு ஓடித் திரும்புவதற்குள், டம்ளரைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு அது உறைந்திருந்தது. நீர் குறைந்தால் தொண்டையில் அடைக்கக்கூடும் என்பதால், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது.

மலப்போக்கு சீரானது, வலி பாதிதான் குறைந்தது. தொடர் இரவுப் பணி வரும் வாரங்களில், தூக்கம் கெட்டதும் வலி திரும்பிவிடுகிறது. மலத்தில் இரத்தமோ காரணமற்ற எடைக்குறைவோ இருந்தால், தூளை வாங்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.