அரை மாதச் சம்பளம் போச்சு: மாடல் பிளான் வாங்குபவர்கள் கவனத்துக்கு

பார்சல் வந்து நான்கு நாள். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அரை மாதச் சம்பளம்! கப்ரோனி சிஏ.60 என்ற பழைய விமானத்தின் மாடல் கட்ட பிளான் (வரைபடத் தாள்), வெட்டிய ரிப்கள் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்கள்), பிளாஸ்டிக் மாதிரியான ரெசினில் செய்த 8 குட்டி என்ஜின்கள். கைவினைப் பொருட்கள் விற்கும் ஒரு இணையச் சந்தையில் வாங்கித் தொலைத்தேன்.

தெரியாதவர்களுக்கு: முன், நடு, பின் என மூன்று செட், செட்டுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று என ஒன்பது இறக்கை வைத்த இத்தாலியப் படகு விமானம் அது. நூறு பேரை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைத் தாண்டும் என்று கட்டினார்கள். 1921 மார்ச் 4 அன்று, இரண்டாவது முறை எழும்பியபோதே மஜ்ஜோரே ஏரியில் விழுந்தது. அந்தக் கிறுக்குத்தனத்துக்காகவே தகடும் குச்சியுமாக நானே கட்ட ஆசைப்பட்டேன்.

பணம் கட்டுமுன் விற்கும் ஆளைச் சோதித்தேன். என்ஜின் எங்கெங்கே வரும் என்று கேட்டேன். "முன்னாடி 4, பின்னாடி 4. நடு செட்டுல கிடையாது சார், நிறைய பேர் தப்பா வச்சிடுவாங்க" என்றார். அந்த "நிறைய பேர்"தான் என்னைக் கவிழ்த்தது. நம்மைப் போல இன்னொரு பைத்தியம் என்று நம்பி, அரை மாதச் சம்பளத்தை மொத்தமாக அனுப்பிவிட்டேன்.

வந்த பிளானில் நடு செட்டில் இரண்டு என்ஜின்!

அளவுகோலை எடுத்தேன். அசலின் இறக்கை வீச்சு 30 மீட்டர். நான் கேட்ட 1/72 அளவில் (அசலில் 72-இல் ஒரு பங்கு) 41.7 செ.மீ. வரவேண்டும், தாளில் இருந்தது 38. ரிப்களும் அதே தாளைப் பார்த்து வெட்டியவை, அடுப்புக்குத்தான் ஆகும். அசலில் இருந்த லிபர்ட்டி என்ஜினுக்கு வி வடிவில் 12 சிலிண்டர். ரெசினில் வரிசையாக ஆறு!

கேட்டால், முதலில் "பிரிண்டர் கொஞ்சம் சுருக்கும் சார்." மறுநாள், "ஷெல்ஃபுல வச்சா யாருக்குத் தெரியும்?" மூன்றாம் நாள் என்னை பிளாக் செய்துவிட்டார். சந்தைக்காரர்களோ, சொல்லிச் செய்த பொருளுக்குப் பணம் திரும்பாது என்று ஒரே பதிலை மூன்று தடவை ஒட்டினார்கள். மூன்றாவதில் என் பெயரும் தப்பு.

பிளான் வாங்குவது பற்றி விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, இவ்வளவுதான் வருகிறது: அளவுக்கோடு போட்ட ஒரு பக்கத்தையாவது முதலில் கேளுங்கள். பழைய புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள். பேச்சில் தெரிந்த அறிவு தாளிலும் இருக்கிறதா என்று பார்க்காமல் அரை மாதச் சம்பளத்தை அனுப்பாதீர்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை.