நாக்கு எரிச்சல்: அரசு பல் மருத்துவக் கல்லூரியில் எனக்குக் கிடைத்த பதில்

சென்னை கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைப் பல் பிடுங்கும் இடமாக மட்டுமே நினைத்திருந்தேன். அங்கே வாய் மருத்துவத்துக்குத் தனிப் பிரிவு இருப்பது 54 வயதில்தான் எனக்குத் தெரிந்தது. என்னைப் போல நாக்கு எரிச்சலோடு அலைகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று எழுதுகிறேன்.

ஒரு வருடமாக நாக்கு நுனி எரிந்தது. சூடான காப்பியை அவசரமாகக் குடித்துச் சுட்டுக்கொண்டால் இருக்குமே, அதே எரிச்சல், தினமும். காலையில் எழும்போது இருக்காது. மதியத்துக்கு மேல் ஏறி, விளக்கு வைக்கும் நேரத்தில் பேசக்கூடப் பிடிக்காது. வாயில் இரும்பை வைத்தது போல ஒரு ருசி வேறு. கண்ணாடியில் பார்த்தால் புண்ணும் இல்லை, சிவப்பும் இல்லை. உடம்புச் சூடு என்றார்கள். மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் மாதக்கணக்கில் சாப்பிட்டேன். வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில், கடைவாய்ப்பல் உரசுகிறது என்று அதைப் பிடுங்கினார்கள். பல்தான் போனது. புற்றுநோயோ என்று ராத்திரியில் அழுதிருக்கிறேன்.

பல் மருத்துவக் கல்லூரியில் என்னைப் பார்த்தவர் மேல்படிப்பு படிக்கும் இளம் டாக்டர். "சாப்பிடும்போது எரிச்சல் கூடுதாம்மா, குறையுதா?" என்றார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. யோசித்தால், குறையத்தான் செய்தது. புண்ணாக இருந்தால் காரம் பட்டதும் துடித்திருக்க வேண்டும் இல்லையா? பாக்கு போடுவீர்களா என்று கேட்டு, வாயை அகலத் திறக்கச் சொன்னார். பாக்கினால் வாய் இறுகும் நோயும் இப்படி எரிச்சலில்தான் ஆரம்பிக்குமாம். பூஞ்சைத் தொற்று, சர்க்கரை, தைராய்டு, இரும்புச்சத்து, பி12 என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் பெயரைச் சொன்னார்கள்: பர்னிங் மவுத் சிண்ட்ரோம். வலியை உணரும் மெல்லிய நரம்புகளின் கோளாறு, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம் வரும், புற்றுநோய் இல்லை. "வலி நிஜம்தான்மா, கண்ணுக்குத்தான் தெரியாது" என்றார். அன்று ரயிலில் குரோம்பேட்டை வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன். அப்படி வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

குளோனாசெபாம் மாத்திரையை விழுங்காமல் 3 நிமிடம் வாயில் ஊறவைத்துத் துப்பச் சொன்னார்கள். தூக்கம் வரவைக்கும், பழக்கமாகிவிடக்கூடிய மருந்து அது. டாக்டர் சொல்லாமல் யாரும் தொடாதீர்கள். அப்புறம் பற்பசை. புதினா, இலவங்கப்பட்டை காரமில்லாததாக, நுரை வரவைக்கும் சோடியம் லாரில் சல்பேட் சேராததாகப் பார்த்து வாங்கச் சொன்னார்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷை நிறுத்தினேன். எரிச்சல் ஏறும்போது சின்ன ஐஸ் துண்டு.

முழுதாகப் போய்விடும் என்று அவர்கள் வாக்குக் கொடுக்கவில்லை, போகவும் இல்லை. 4 மாதத்தில் 10க்கு 8 என்றிருந்த எரிச்சல் 3க்கு வந்திருக்கிறது. சாயந்திரம் பேத்திக்குக் கதை சொல்ல முடிகிறது. என் மதிப்பெண் 5க்கு 5.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். சில பி.பி. மாத்திரைகளாலும் நாக்கு எரியுமாம்; என்னிடம் முதலில் கேட்டதே அதைத்தான்.